தண்ணித்தெரு

கடலுக்கடியில் கேபிள் போட்டு முடித்த மறுநாள் காலையில், அந்தக் கேபிளுக்கு நேர் மேலே கடல் ஒரு தெருவாக இறுகி நின்றதை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள்தான். வடக்குத்துறையில் ரெஜினாள் வளர்த்த ஆடுகள் கரையில் மேய ஒன்றும் கிடைக்காமல் அலையடிக்கும் இடம்வரை வந்து, ஒரு காலை வைத்துப் பார்த்து, கால் அமிழாததைக் கண்டு மறு காலையும் வைத்து, அப்படியே கிழக்குப் பார்க்க நடந்து போய், கரையிலிருந்து பார்த்தால் சோற்றுப் பருக்கைகள்போலத் தெரியும் தூரத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைத் தேடி வந்த ரெஜினாள், "எங்கன போயி நிக்குது பாரு சனியன்" என்று திட்டிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். பாதி வழியில்தான், தான் நடப்பது கடல்மேல் என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்தபிறகும் அவள் நிற்கவில்லை. ஆடுகளைப் பிடித்தாக வேண்டுமே.

அந்தத் தெரு சிமெண்டைப்போல் கெட்டியாகவும் இல்லை, சேற்றைப்போல் இளகியும் இல்லை. இளநுங்கைக் காலால் மிதித்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கொஞ்சம் அமுங்கிக்கொடுத்து, பாதத்தைக் குளிர்வித்து, அடுத்த அடிக்கு அனுப்பிவைத்தது. இரண்டு ஆட்டோக்கள் உரசாமல் போகலாம் என்கிற அகலம். இரண்டு பக்கமும் அலைகள் வந்து ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பின. குனிந்து பார்த்தால் பச்சை வெளிச்சத்துக்குள் நெத்திலிக் கூட்டம் காலுக்கடியில் ஓடுவது தெரிந்தது. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அடியில் கிடந்த கேபிள் மட்டும் தெரியவில்லை.

கேபிள் அங்கே வந்து சேர்ந்ததே பெரிய பாடு. வடக்குத்துறையும் தெற்குத்துறையும் ஒரே மாதா கோயிலைக் கும்பிடுகிற, ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கிற ஊர்கள்தான். ஆனால் மீன் கூட்டத்தை மொத்தமாய் வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலையைத் தெற்குத்துறை போடத் தொடங்கிய வருஷம் நடுக்கடலில் சண்டை மூண்டு, வள்ளத்தோடு வள்ளம் மோதியதில் ரெஜினாளின் புருஷன் ததேயுவின் வலது கை இரண்டு பலகைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அந்தக் கையின் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மோதிய வள்ளத்தை ஓட்டியவன் பவுல். பவுலைக் கட்டியிருந்தவள் ரெஜினாளின் கூடப்பிறந்த தங்கை ஜெனோவா. அன்றிலிருந்து இரண்டு துறைக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டது இல்லை. தாய் இறந்தபோது அக்காளும் தங்கையும் பெட்டியின் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒருத்தி கையை ஒருத்தி தொடாமல், தனித்தனியாக அழுதுவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் கடல் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். ஆழத்தில், வெளிச்சம் போகாத இடத்தில் கருவிகளை இறக்கி வைப்போம், அவை கடலின் சூட்டை அளக்கும், நீரோட்டத்தைப் பார்க்கும், திமிங்கிலம் பேசுவதைக் கேட்கும், தரை நடுங்கினால் அலை வருமுன் நமக்குச் சொல்லும், அவற்றுக்குக் கரண்டு கொண்டுபோகவும் அவை சொல்வதைக் கரைக்குக் கொண்டுவரவும் ஒரு கேபிள் வேண்டும், அதைக் கரையேற்றக் கொஞ்சம் மணல் வேண்டும் என்றார்கள். பேரலை வந்த வருஷத்தில் இரண்டு துறையும் ஆட்களைப் பறிகொடுத்திருந்ததால் இரண்டு துறையும் சம்மதித்தன. கேபிள் எங்கள் மணலில்தான் ஏற வேண்டும், அவர்கள் மணலில் ஏறக்கூடாது என்று இரண்டும் நிபந்தனை போட்டன.

பொறுப்பாய் வந்திருந்த இன்ஜினியர் பூங்கோதை காங்கேயத்துப் பக்கத்துப் பெண். கடலை அவள் பார்த்ததே படித்து முடித்த பிறகுதான். இரண்டு துறையின் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு ஊருக்கும் நடுவுல யாருமே கால் வெக்காத ஒரு துண்டு மணல் கெடக்குதில்லீங், அங்க ஏத்திக்கறேனுங்க" என்றாள். கிழிந்த வலையும் குப்பையும் கொட்டிக் கிடந்த அந்த மணலைச் சுத்தம் செய்து, ஒரு சின்ன கான்கிரீட் அறை கட்டினார்கள். கப்பல் தூரத்தில் வந்து நின்றது. ஆரஞ்சு நிற மிதவைகளில் தொங்கிக்கொண்டு கேபிள் பாம்புபோல் நெளிந்து கரைக்கு வந்தது. காலையில் வடக்குத்துறை ஆட்களும் மத்தியானத்தில் தெற்குத்துறை ஆட்களுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இழுத்துக் கொடுத்தார்கள். முக்குளிப்பவர்கள் மிதவைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட, கேபிள் அடியில் போய்ப் படுத்தது. கப்பல் கிழக்கே போனது. மறுநாள் தெரு நின்றது.

பூங்கோதை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். கேபிள் போன பாதை முழுக்கக் கடல் இறுகி, ஆட்கள் நடக்கிறார்கள் என்றாள். "சிக்னல் வருதா?" என்று கேட்டார்கள். "சுத்தமா வருதுங்க." "அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்று வைத்துவிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் போய்ச் சொன்னதற்கு, சர்வே நம்பர் இல்லாதது தெருவே ஆகாது, தெருவே ஆகாததை ஆக்கிரமிப்பென்று சொல்ல முடியாது, ஆகவே ஆட்சேபணை இல்லை என்றார்கள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த தண்ணீரைத் தெரு தாகமெடுத்ததுபோல் உறிஞ்சிக்கொண்டது. அவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, "முழங்காலுக்கு நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனார்.

அவ்வளவுதான், ஊர் அதைப் பழகிக்கொண்டது. தண்ணித்தெரு என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் விடிந்ததும் அதில் வேக நடை போனார்கள். கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் வெயில் தாழ்ந்தபின் போனார்கள். ஒருவன் டீக்கடை வைத்து, பாய்லர் சூட்டில் அடியிலிருந்த தண்ணீர் இளகிப் பெஞ்சு சாய்ந்ததால், மறுநாளே பிளாஸ்கில் விற்கத் தொடங்கினான். சைக்கிள் போனது, பைக் வழுக்கியது. பிள்ளைகள் குப்புறப் படுத்து, கண்ணுக்குக் கைகுவித்து, அடியில் போகிற திருக்கையையும் சிங்கிறாலையும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் அந்தத் தெருவை உள்ளபடிக்கு எடுத்துக்கொண்டவர்கள் பெண்கள்தான். கடற்கரையிலே பிறந்து, கடற்கரையிலே வாக்கப்பட்டு, கடல் கொடுத்ததை அலுமினியச் சட்டியில் சுமந்து கரைக்கு உள்ளே இருக்கிற ஊர்களில் விற்று வயதானவர்களில் ஒருத்திகூட அதுவரை கடலுக்குள் போனதில்லை. ரெஜினாள் ஆடுகளைப் பிடித்துத் திருப்பிய அந்த முதல் நாள், தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, எதிரே ஒரு ஊர் தெரிந்தது. தென்னைகளும் கோயில் கோபுரமும் ஓடும் ஓலையுமாய், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்போல ஒரு ஊர். எந்த ஊர் அது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த மஞ்சள் சேலையை அடையாளம் கண்டாள். இவ்வளவு சின்னதாகவா இருக்கிறோம் என்று நினைத்தாள். இந்த மனுஷன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் கரைக்கு வருகிறாரா என்றும் நினைத்தாள். ஆடுகள் கரையைப் பார்க்க நடக்கத் தொடங்கிய பிறகும் அவள் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அதன்பிறகு அவள் தினமும் போனாள். தூண்டில் நரம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற பெண்களோடு வடக்கு ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். தெற்கு ஓரத்தில் தெற்குத்துறைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு ஓரத்துக்கும் நடுவே முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் ஜெனோவாவின் இருமலை ரெஜினாள் கேட்டாள். ஒருநாள் இருமல் கேட்காதபோது, மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஜெனோவாவும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சட்டென்று அவரவர் கடலுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

ஆண்களுக்குத் தெரு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடலுக்குச் சுவர் வைத்தாற்போல் ஆயிற்றே, இனி அவன் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று இரண்டு துறையும் சொல்லிக்கொண்டன. ஆனால் மீனுக்குச் சுவர் இல்லை. சோழகக் காற்று பிடிக்கிற காலம் வந்தது. தெற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்றில் சாளைக் கூட்டம் வெள்ளிப் பாளமாய்த் தெருவுக்கடியில் நுழைந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. ஒருநாள் வடக்குத்துறைக்காரன் சும்மா இருப்பான், தெற்கில் வலை நிறையும். மறுநாள் நேர்மாறாக இருக்கும். வள்ளத்தைத் தெருமேல் ஏற்றித் தாண்டலாம் என்றால், ஒரு வள்ளத்து ஆட்களால் அதைத் தூக்கிவிட முடியாது. எதிர்ப்பக்கத்து ஓரத்தில் நின்று வாங்கிக்கொள்ள எதிர்த்துறையின் கை வேண்டும். அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் இரண்டு துறையும், தனித்தனியாக வந்தாலும், ஒரே கோரிக்கையோடு பூங்கோதையிடம் வந்தன. கேபிளை எடுத்துவிடு. வடக்குத்துறைக்காகப் பேசியவன் ததேயு.

"எடுத்துட்டா ஆழத்துல இருக்கற கருவியெல்லாம் செத்துப்போயிருங்க" என்றாள் பூங்கோதை. "அலை வந்தாச் சொல்றதுக்கு ஒன்னும் இருக்காதுங்க. தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்கோம். அலை எப்பவோ வரும். பசி தினமும் வருது."

அவள் ததேயுவின் மடங்காத கையைப் பார்த்தாள். பிறகு, "உங்க கடலுங்க. நீங்க வேண்டாம்னா நான் திணிக்க முடியாது. கப்பலைக் கூப்புடறேன்" என்றாள். சொன்னதைச் செய்யவும் செய்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை என்று சமையல்காரி சொன்னாள்.

ரெஜினாள் வீட்டில் கேட்டாள். "எங்க கிட்ட யாரும் கேக்கலியே?"

"எதை?"

"தெரு வேணுமா வேண்டாமாண்ணு."

"தெருவுல என்னத்த வச்சிருக்க நீ?" என்றான் ததேயு. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அவள் எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

கப்பல் வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், சோழகம் எதிர்பாராத வேகத்தில் அடித்தது. தெற்குக் கடல் கறுத்துக் கொதித்தது. வள்ளங்கள் கரைக்கு ஓடின. பவுலின் வள்ளம் மட்டும் எஞ்சின் செத்துப்போய், அலைகள் தூக்கித் தூக்கி வந்து தெருவின் தெற்கு ஓரத்தில் மோதிற்று. அது தரையில் மோதுவதுபோல் மோதவில்லை. மோதியதும் தெரு அதைக் கொஞ்சம் உள்வாங்கித் திருப்பித் தள்ளியது, அலை மறுபடியும் கொண்டுவந்து அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் பலகை நெரிகிற சத்தம் கேட்டது. உள்ளே பவுலும் இரண்டு ஆட்களும் குப்புறக் கிடந்தார்கள். அவன் எறிந்த கயிற்றைத் தெருவில் நின்ற ஜெனோவா ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள். தெற்குத்துறைப் பெண்கள் காற்றைப் பார்த்ததுமே கரைக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. கயிறு அவளை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போவதும், அவள் குதிகாலை ஊன்றிப் பின்னுக்கு வருவதுமாக இருந்தது.

வடக்கு ஓரம் அமைதியாக இருந்தது. தெருவே அலையை மறித்து நின்றதால் அந்தப் பக்கம் குளம்போலக் கிடந்தது. ரெஜினாளும் மற்றப் பெண்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஜெனோவா ஒரு தடவை திரும்பி அக்காளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட உரிமையில்லை என்று நினைத்தவள்போல உடனே திரும்பிக் கயிற்றைச் சுற்றிக் கையில் கட்டிக்கொண்டாள்.

ரெஜினாளின் கண்முன்னே ததேயு காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவது வந்தது. நாலு பொத்தானில் இரண்டைப் போட்டுவிட்டு, போதும் என்று அவன் போவது வந்தது. அந்தக் கையை நசுக்கிய வள்ளம் இதுதான். பக்கவாட்டில் பெயின்ட்டடித்திருந்த மாதா படம்கூட அதேதான். இது உடைந்து போனால் போகட்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. அவள் அதைக் கேட்டாள், கேட்கவில்லையென்று சொல்லமுடியாது. ஆனால் கால்கள் அதற்குள் தெருவின் நடுவைத் தாண்டியிருந்தன.

"ஏட்டி, கையில சுத்தாத! கை போயிரும்!" என்று கத்திக்கொண்டே போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

அக்காள் கயிற்றைப் பிடித்ததும், இத்தனை வருஷமாய் ஜெனோவா பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போக, அவள் பெரிய சத்தமாய் அழத்தொடங்கினாள். அழுதுகொண்டே இழுத்தாள். வடக்குத்துறைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். கயிற்றில் இடமில்லாதவர்கள் முன்னால் நிற்பவளின் இடுப்பைப் பிடித்தார்கள். "மாதாவே, இழு! மாதாவே, இழு!" என்று இழுக்க, ஒரு பெரிய அலை அடியில் வந்து தூக்க, வள்ளத்தின் மூக்கு தெருவின்மேல் ஏறியது. ஏறியதுதான் தாமதம், அந்த நுங்குத் தரையில் அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு, பெண்களை இரண்டு பக்கமும் சிதறவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, வடக்குக் கடலில் தொப்பென்று விழுந்து, நேராக நின்று, மெதுவாக ஆடியது.

ஒருத்திமேல் ஒருத்தியாய் விழுந்து கிடந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. உடம்பெல்லாம் உப்புத் தண்ணீரும் சேலையெல்லாம் கிழிசலுமாய் அவர்கள் சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டது.

வள்ளத்துக்குள்ளிருந்து பவுல் தலையைத் தூக்கினான். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்ததும் அவன் முகம் வெளிறியது. "மைனி" என்றான். "நான் உங்க கடல்ல நிக்கேன்."

"நில்லு" என்றாள் ரெஜினாள். "யாரு வேண்டாண்ணா?"

அதற்குள் வடக்குத்துறை ஆண்கள் கரையில் திரண்டிருந்தார்கள். ததேயு வள்ளத்தை எடுத்துக்கொண்டு வந்தான். பவுலின் வள்ளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இடது கையால் ஒரு கயிற்றை எறிந்தான். பவுல் அதைப் பிடித்துக் கட்டினான். ததேயு அவனைக் கரைவரை இழுத்துக்கொண்டு போனான். எஞ்சினை நிறுத்தியபோது பவுல், "அண்ணே" என்றான். ததேயு, "பலகை விரிஞ்சிருக்கு, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

ததேயு சாப்பிட உட்கார்ந்தான். ரெஜினாள் திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

"கனமா இருந்துச்சோ?" என்று கேட்டான்.

"ஏறுறவரைக்கும் கனம். ஏறினப்புறம் தானாப் போயிருச்சு."

அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான். "சாளை தெக்கதான் நிக்குது. காத்து தணிஞ்சதும் நம்ம வள்ளத்தை அந்தப் பக்கம் இறக்கணும். உன் தங்கச்சிகிட்ட வரச் சொல்லுதியா?"

"எந்தத் தங்கச்சி?"

"உனக்கு எத்தனை தங்கச்சி இருக்கு?" என்றான் ததேயு. சொல்லிவிட்டு, சிரிப்பு வந்துவிடாமல் இருக்கச் சோற்றை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

காற்று தணிந்த காலையில் ஜெனோவா தன் துறைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ததேயுவின் வள்ளம் தெற்கே இறங்கியது. அடுத்து வேறொன்று வடக்கே இறங்கியது. எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. தெருவில் வைத்தே இரண்டு தடவை கைகலப்பு வந்தது. தெற்குத்துறையில் ஒருவன் வடக்கத்தியான் கை தன் வள்ளத்தில் படக்கூடாதென்று, தெரு முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பி, டீசல் தீர்ந்து, வடக்குத்துறை வள்ளம் ஒன்றில் கட்டி இழுக்கப்பட்டு வந்து சேர்ந்தான். ஆனாலும் வள்ளங்கள் தாண்டின. தாண்டித் தாண்டி ஒரு இடத்தில் தெருவின் இரண்டு ஓரமும் சரிந்து, அங்கே ஒரு இழுவைத்துறை உண்டாயிற்று. சுருக்குமடியை எப்போது போடலாம், எப்போது போடக்கூடாது என்பதையும் அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசித் தீர்த்தார்கள். தன் வள்ளம் தாண்ட வேண்டியவன் அளவுக்கு மீறிப் பிடிவாதம் பிடிக்க முடியாதே.

கேபிளை எடுக்கக் கப்பல் வந்தபோது, பூங்கோதை கோயில் வாசலில் இரண்டு துறையையும் ஒன்றாய்க் கூட்டிக் கேட்டாள். "சொல்லுங்க. எடுக்கறதா, விடறதா?"

ஆண்கள் ததேயுவைப் பார்த்தார்கள். ததேயு ரெஜினாளைப் பார்த்தான். "அவகிட்டக் கேளுங்க" என்றான்.

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத ரெஜினாள் எழுந்து நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, "வந்தவங்க பசியோட இருப்பாங்க. சோறு போட்டு அனுப்புவோம். கேபிள் கெடக்கட்டும்" என்றாள். கப்பல்காரர்கள் சாளைக் குழம்பு சாப்பிட்டார்கள், தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். பூங்கோதை கான்கிரீட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தனக்கும் ஒரு தட்டுச் சோறு கேட்டாள்.

மழைக்காலம் கழிந்து வெயில் இதமாக இருந்த ஒரு காலையில், ரெஜினாளும் ஜெனோவாவும் தெரு எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினார்கள். கருவிகள் இருக்கிற ஆழம்வரைக்கும் போகும் என்று பூங்கோதை சொல்லியிருந்தாள். நடந்து போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. புளிச்சோறும் பொரித்த மீனும் தண்ணீரும் கட்டிக்கொண்டார்கள். இழுவைத்துறையைத் தாண்டி, தூண்டில் போடுகிறவர்களைத் தாண்டி, பிள்ளைகள் வந்து திரும்புகிற இடத்தையும் தாண்டி நடந்தார்கள். பச்சை நீலமாயிற்று. நீலம் கருநீலமாயிற்று. தாயைப் பற்றிப் பேசினார்கள். பேசாமல் விட்ட வருஷங்களில் யார் யாருக்கு என்ன பிறந்தது, என்ன நோய் வந்தது, யார் வீட்டில் எந்தச் சண்டை என்று ஒன்று விடாமல் பேசினார்கள். திரும்பிப் பார்த்தபோது தென்னைகள் இல்லை, கோபுரம் இல்லை. சுற்றிலும் வானம் தண்ணீரில் இறங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து அவர்களுக்குக் கரை இல்லாமல் இருந்ததில்லை. ஜெனோவா அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வேளையில் எதிரே ஒரு வள்ளம் வந்தது. தெற்குப் பக்கமாய்க் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்ததும் எஞ்சினைத் தணித்தார்கள். ததேயுவும் பவுலும் ஒரே வள்ளத்தில் இருந்தார்கள்.

"ஏ, எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று ததேயு கத்தினான்.

"போயிட்டு வாரோம்" என்றாள் ரெஜினாள்.

"எப்ப வருவீங்க?"

அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"தெரியல" என்று ஜெனோவா வாயருகே கைகுவித்துச் சொன்னாள். "சோறு அடுப்புல இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க."